மண்ணும் கிளியும்: இடைத்தரப் படங்கள் எட்டுக்குச் சிறு தீர்ப்புகள்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் திரைப்படம் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டா எனச் சான்றோர் சிலர் வினவக்கூடும். வினா நேர்மையானது, விடையும் நேர்மையாகவே இருத்தல் வேண்டும். நம் மாணவர் ஓராண்டில் பாடத்திற்கு அப்பால் படிக்கும் நூல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் பார்க்கும் படங்களை அவ்வாறு எண்ண இயலாது. நல்லது எது, அல்லது எது எனத் தெரிந்து சொல்லும் பழக்கம் அவர்களுக்குப் பெரும்பாலும் திரையின் முன்னரே உருவாகிறது. அப்பழக்கத்தைச் செம்மைப்படுத்துவது தமிழ் கற்பிப்போர் கடமைகளுள் ஒன்று எனக் கருதுகிறேன்.

இக்கட்டுரை தலைசிறந்த படங்களைப் பற்றியது அன்று. 'உதிரிப்பூக்கள்' பற்றியும் 'நாயகன்' பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். படுதோல்வியுற்ற படங்களைப் பற்றியதும் அன்று. அவற்றை எள்ளி நகையாட ஊரே திரண்டு நிற்கிறது. இவ்விரு கரைகளுக்கும் இடையே ஓடும் பேராறு ஒன்று உண்டு. அதுவே இடைத்தரப் படங்களின் வரிசை. வெளிவரும் படங்களில் பெரும்பகுதி இவ்வகையினவே. பெருவாரியான மக்கள் பார்ப்பதும், தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் வருவதும் இவையே. ஆயினும், இவற்றைப் பற்றி நிதானமாகச் சொல்லப்பட்ட சொற்கள் மிகச் சில. "பார்க்கலாம்", "சுமார்", "ஒரு முறை போகலாம்" என்பவற்றோடு நம் திறனாய்வு முடிந்துவிடுகிறது.

திறனாய்வாளன் ஒருவனின் தகுதியை அறிய, அவன் பேரிலக்கியத்தை எவ்வாறு புகழ்கிறான் என்று பார்த்தல் வேண்டா. இடைத்தரமான ஒன்றை எத்துணை நேர்மையாக அளக்கிறான் என்று பார்த்தால் போதும் என்பதே என் கருத்து.

நன்னூலார் காட்டும் இடைநிலை

முதல், இடை, கடை எனத் தரம் பிரிப்பது நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை இம்மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் உவமை சொன்னார். முதல் மாணாக்கர்க்கு அன்னமும் பசுவும் உவமை. கடை மாணாக்கர்க்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியன உவமை. இடைப்பட்டோர்க்கு அவர் கூறியவை மண்ணும் கிளியும்.

இவ்விரண்டு உவமைகளின் நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. மண், உழுபவன் எவ்வளவு உழைக்கிறானோ அவ்வளவே விளைவு தரும். கிளி, கற்பித்த சொல்லைத் திருத்தமாகச் சொல்லும். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாது. இடைத்தரம் என்பது ஒரே நிறமுடையது அன்று, அதனுள்ளும் வகை உண்டு என்பதனை நன்னூலார் கண்டுகொண்டார். மாணவரைப் பற்றி அவர் கூறியதைத் திரைப்படங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். சில படங்கள் கிளி போன்றவை. பிறரிடம் கற்றதைப் பழுதின்றி ஒப்பிக்கின்றன. சில படங்கள் மண் போன்றவை. உழைத்த இடத்தில் விளைந்தும் உழைக்காத இடத்தில் தரிசாகவும் கிடக்கின்றன. இரண்டையும் "சுமார்" என்னும் ஒரே சொல்லால் அளப்பது அறியாமை.

எண்ணின் குறையும் எழுத்தின் தேவையும்

தீர்ப்பைச் சுருக்கிச் சொல்ல இதழ்கள் கண்ட வழி எண். ஆனந்த விகடன் நெடுங்காலம் நூற்றுக்கு இத்தனை எனப் படங்களுக்கு மதிப்பெண் வழங்கிவந்தது. 1977-இல் வெளிவந்த பாரதிராசாவின் '16 வயதினிலே' பெற்ற 62.5 மதிப்பெண்ணே அவ்வரிசையில் மிக உயர்ந்ததாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. தேர்வுத்தாளில் அறுபத்திரண்டு வாங்கிய மாணவனை நாம் சிறந்தவன் என்பதில்லை. விகடன் அளவுகோலிலோ அது சிகரம். பெரும்பாலான படங்கள் நாற்பதை ஒட்டி நின்றன. ஆகவே, நாற்பது என்னும் எண்ணை மட்டும் கண்ட வாசகன் அது தேர்ச்சியா தோல்வியா எனத் தடுமாறுவான். எண்ணுக்குப் பொருள் தருவது அதன் அருகே எழுதப்பட்ட சொற்களே.

அமெரிக்காவில் லியோனார்டு மால்டின் என்பவர் 1969 முதல் படக் கையேடு ஒன்றைத் தொகுத்தார். ஆயிரக்கணக்கான படங்களுக்கு ஒவ்வொரு பத்தியில் தீர்ப்பும், நான்கு விண்மீன்கள் வரையிலான மதிப்பும் அதில் உண்டு. 2014-இல் இறுதிப் பதிப்பு வந்தது; இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கு விலை கொடுப்போர் குறைந்தனர். அக்கையேட்டின் பெருமையும் குறையும் நமக்குப் பாடமாகும். 1948-இல் வந்த இசைப்படம் ஒன்றின் தலைப்பே ஒரு வினா; 'இது இனிய காதல் அன்றோ?' என்பது அதன் பொருள். மால்டின் அவ்வினாவுக்கு எதிர்மறையான ஒற்றைச் சொல்லை விடையாக எழுதி முடித்துவிட்டார். உலகின் மிகச் சிறிய திரை விமர்சனம் எனக் கின்னஸ் நூலில் அது இடம்பெற்றது. ஆனால் அப்படத்துக்கு அவர் அளித்த மதிப்போ இரண்டு விண்மீன்; அஃதாவது நடுத்தரம். சொல் முழு மறுப்பு. எண் பாதி ஏற்பு. நகைச்சுவை வென்றது, நீதி பின்தங்கியது. அந்தச் சொல் தலைப்புக்கு விடை கூறியதேயன்றிப் படத்துக்குத் தீர்ப்பு வழங்கவில்லை.

அதே கையேட்டில் மார்ட்டின் ஸ்கார்சேசியின் 'டாக்ஸி டிரைவர்' படத்துக்கும் இரண்டு விண்மீனே கிடைத்தது. 1976-இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்ற படம் அது. இன்று உலகத் திரைப்பட மாணவர் அனைவரும் பயிலும் படமும் கூட. இடைத்தரம் எனத் தள்ளப்பட்டது பின்னர் முதல்தரம் எனப் போற்றப்படலாம் என்பதற்கு இது சான்று. ஆகவே இடைத்தரப் படத்துக்குத் தீர்ப்பு எழுதுவோன் கதவை அறைந்து சாத்திவிடாமல் சற்றே திறந்து வைத்தல் நன்று.

1998-இல் தொடங்கிய 'ராட்டன் டொமேட்டோஸ்' என்னும் இணையதளம் வேறொரு சிக்கலைக் கொணர்ந்தது. அது எத்தனை விழுக்காட்டுத் திறனாய்வாளர் படத்தை ஏற்றனர் என்று மட்டுமே எண்ணுகிறது. எந்த அளவுக்கு ஏற்றனர் என்று எண்ணுவதில்லை. பத்துப் பேர் ஒரு படத்துக்குப் பத்துக்கு ஆறு வீதம் வழங்கினர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் "பரவாயில்லை" என்றதால் அப்படம் 100 விழுக்காடு பெறும். மற்றொரு படத்துக்கு ஐவர் பத்துக்குப் பத்தும் ஏனை ஐவர் பத்துக்கு நான்கும் வழங்கினர் எனின், அதன் சராசரி ஏழு. ஆயினும் அது பெறுவது 50 விழுக்காடே. அறுபதுக்குக் கீழ் வந்தால் அத்தளத்தில் அழுகல் முத்திரை. ஆறு வாங்கியது சிறந்தது ஆகிறது. ஏழு வாங்கியது அழுகியது ஆகிறது! எல்லோர்க்கும் சிறிதளவு பிடித்த கிளிப்படம் மேலேறவும், சிலர்க்கு மிகவும் பிடித்த மண்படம் கீழிறங்கவும் இக்கணக்கு வழிசெய்கிறது.

தீர்ப்புக்கு மூன்று வினாக்கள்

எண்ணை நீக்கிவிட்டால் எதனைக் கொண்டு அளப்பது? திருக்குறளின் 504-ஆம் பா நாம் அறிந்ததே. குணத்தையும் ஆராய்ந்து, குற்றத்தையும் ஆராய்ந்து, இரண்டனுள் மிகுந்து நிற்பதைக் கொண்டு முடிவு செய்க என்பது அதன் கருத்து. அப்பா 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தில், வினைக்கு உரிய ஆளைத் தெரியும் இடத்தில் அமைந்தது. குற்றமே இல்லாதவரைத் தேடு என்று வள்ளுவர் கூறவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். குணமும் குற்றமும் கலந்திருப்பதே இயல்பு என ஏற்றுக்கொண்ட பின்னரே அவர் அளவுகோலை நீட்டுகிறார். இடைத்தரப் படைப்புக்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் இல்லை.

அதனை மூன்று வினாக்களாக விரிக்கலாம். படம் எதனைச் செய்ய முற்பட்டது? அதில் எவ்வளவு நிறைவேறியது? பார்த்து முடித்த பின் எது எஞ்சுகிறது? இம்மூன்றுக்கும் நாலைந்து தொடர்களில் விடை சொல்ல முடிந்தால் அதுவே சிறு தீர்ப்பு. சொன்னதைச் செய்து காட்டுதல் கடமையாதலின், 1994 முதல் 2001 வரை வெளிவந்த தமிழ்ப் படங்கள் எட்டினை எடுத்துக்கொண்டேன். இவற்றுள் பெருவெற்றி பெற்றவையும் உண்டு. வணிகத்தில் வீழ்ந்தவையும் உண்டு. வசூலைக் கொண்டு தரம் கூறவில்லை.

எட்டுப் படங்கள்

மே மாதம் (1994): விருப்பமில்லாத மணத்திலிருந்து தப்பிச் சென்னைக்கு ஓடிவரும் செல்வர் மகளும், அவளுக்கு அடைக்கலம் தரும் இளம் புகைப்படக்காரனும் கதை மாந்தர். ஓடிப்போன செல்வமகள் கதை 1934-இலேயே ஹாலிவுட்டில் புகழ்பெற்ற ஒன்று. ஆகவே கதையளவில் இது கிளி. அடுத்து என்ன நிகழும் என்பதைச் சிறுபிள்ளையும் சொல்லிவிடும். எஞ்சுவன ஏ. ஆர். ரகுமானின் பாடல்கள். படத்தைப் பாராதவரும் பாடலை அறிவர். பாடல் படத்தைச் சுமந்தது. படம் பாடலைச் சுமக்கவில்லை.

ஆஹா (1997): சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய குடும்பக் கதை. தந்தையின் அன்புக்கு உரிய மூத்த மகன், அவ்வன்பு கிட்டாத இளையவன், மூத்தவன் மறைத்து வைத்திருக்கும் பழைய துயரம் ஒன்று. கண்ணீரைக் கறக்கும் இடங்கள் முன்கூட்டியே தெரிகின்றன. ஆனால், 1995-இல் 'பாட்ஷா'வில் கொடியவனாக அச்சுறுத்திய இரகுவரன், ஈண்டு நல்ல அண்ணனாக அடங்கிய குரலில் பேசும்போது படம் தன் தரத்தினும் உயர்கிறது. நடிகர் ஒருவரே உழுத மண் இது. அவர் நின்ற இடமெல்லாம் விளைச்சல்.

சூரியவம்சம் (1997): விக்ரமன் இயக்கம், சரத்குமார் தந்தையும் மகனுமாக இரு வேடம். ஒரே பாட்டின் நேரத்தில் கதைத்தலைவன் பேருந்து முதலாளியாக உயர்வதை நகைக்காதார் இல்லை. நகைப்பு நியாயமே. ஆனால் அதே பாட்டின் ஓட்டத்தில் மனைவி படித்து மாவட்ட ஆட்சியராகிறாள் என்பதையும், கணவன் அதனைத் தன் வெற்றியாகக் கொண்டாடுகிறான் என்பதையும் மறத்தல் ஆகாது. 1999-இல் அமிதாப் பச்சன் நடிக்க இந்தியிலும் உருவாகி, வடநாட்டுத் தொலைக்காட்சியில் ஓயாது ஒளிபரப்பாகும் படமாயிற்று. கலை எளிது, கருத்து நன்று.

காதலா காதலா (1998): சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் உரையாடல். ஒரு பொய்யைக் காக்க மற்றொரு பொய், அதனைக் காக்க மூன்றாவது பொய் என அடுக்கிக்கொண்டே செல்லும் நகைச்சுவை. உணர்ச்சியும் இல்லை, உட்பொருளும் இல்லை. ஆனால் இவை வேண்டும் எனப் படம் எங்கும் கோரவில்லை. சொல்லை இரண்டாக ஒடித்து இரு பொருள் காணும் சிலேடைக் கலை, காளமேகத்தோடு முடிந்துவிடவில்லை என்பதற்குத் தமிழ் மாணவர் இப்படத்தைச் செவியால் பார்க்கலாம். முற்பட்டது சிறிது, நிறைவேறியது முழுமை.

ரிதம் (2000): வசந்த் இயக்கம். ஒரே தொடர்வண்டி விபத்தில் மனைவியை இழந்தவனும் கணவனை இழந்தவளும் மும்பையில் சந்திக்கின்றனர். அவள் தத்தெடுத்த பிள்ளையை வளர்ப்பவள். சண்டைப் படங்களுக்குப் பெயர்போன அர்ஜுன், கையை ஓங்காமல் பேசும் மனிதராக வருகிறார். ஐந்து பாடல்கள் ஐம்பூதங்களைப் பொருளாகக் கொண்டவை. தற்செயல் நிகழ்வுகளை மிகுதியாக நம்பும் கதையமைப்பு குறை. கைம்பெண்ணின் மறுமணத்தைக் கூச்சலின்றிப் பேசியது நிறை. நிறையே மிகுதி.

தெனாலி (2000): கே. எஸ். இரவிக்குமார் இயக்கம். 1991-இல் வந்த 'வாட் அபவுட் பாப்?' என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படத்தின் நிழல் இதன்மேல் விழுந்துள்ளது. மருத்துவரை விடாது பின்தொடரும் நோயாளியை ஈழத்து அகதியாக மாற்றியதே தமிழில் செய்யப்பட்ட உழைப்பு. கமல்ஹாசன் யாழ்ப்பாண வழக்கைப் பேசுகிறார். எதனைக் கண்டாலும் அஞ்சும் ஒருவனின் அச்சத்திற்குப் போரே காரணம் என ஒரு கணம் படம் சொல்லிவிட்டு, அடுத்த கணமே நகைக்கச் செல்கிறது. அக்கணத்தில் இன்னும் சற்று நின்றிருந்தால் இப்பட்டியலில் இப்படம் இடம்பெற்றிராது.

சிட்டிசன் (2001): அஜித் பல வேடங்களில் தோன்றுகிறார். முதற்பாதி வேடங்களின் அணிவகுப்பு. இறுதி நீண்ட நீதிமன்ற உரை. இரண்டும் பொறுமையைச் சோதிப்பன. ஆனால் நடுவில் ஒரு கற்பனை இருக்கிறது. அத்திப்பட்டி என்னும் மீனவச் சிற்றூர், மக்களோடு சேர்ந்து அரசுப் பதிவேட்டிலிருந்தும் நிலப்படத்திலிருந்தும் துடைத்தழிக்கப்படுகிறது. படம் மறந்துபோனாலும் இப்பெயர் மறக்கவில்லை. ஓர் ஊர் புறக்கணிக்கப்பட்டால் "அத்திப்பட்டி ஆக்கிவிட்டார்கள்" என்று பேசும் வழக்கு தமிழில் நிலைத்துவிட்டது. மொழிக்கு ஓர் உவமையைத் தந்த படத்தைத் தோல்வி எனல் எங்ஙனம்?

ஆளவந்தான் (2001): கமல்ஹாசன் முன்னர் எழுதிய 'தாயம்' என்னும் தொடர்கதையின் திரைவடிவம். இரட்டையருள் ஒருவன் படைவீரன். மற்றவன் இளமைக் கொடுமையால் மனம் சிதைந்தவன். சிதைந்த மனத்தின் காட்சிகளில் படம் துணிவின் எல்லையைத் தொடுகிறது. நடிப்பிலிருந்து கேலிச்சித்திர அசைவூட்டத்துக்குத் தாவும் இடம் அன்றைய தமிழ்த் திரைக்குப் புதிது. ஏனைய பகுதிகளிலோ தளர்ந்து விழுகிறது. சிகரத்தையும் பள்ளத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சமவெளி என்றுதான் விடை வரும். ஆனால் அந்நிலத்தில் சமவெளி எங்கும் இல்லை.

தீர்ப்புகள் உணர்த்துவன

இவ்வெட்டுப் படங்களும் மதிப்பெண் அட்டவணையில் ஏறத்தாழ ஒரே கட்டத்தில் விழக்கூடியவை. ஆயினும் ஒன்று போல் மற்றொன்று இல்லை. 'மே மாதம்' பழகிய கதையால் இடைத்தரம். 'ஆளவந்தான்' பழகாத துணிவைக் காக்க முடியாமையால் இடைத்தரம். 'காதலா காதலா' சிறிய குறியை வைத்து அதனை எய்தியது. 'தெனாலி' பெரிய பொருளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது. 'ஆஹா' ஒரு நடிகரால் நிற்கிறது. 'சிட்டிசன்' ஒரு கருத்தால் நிற்கிறது. "சுமார்" என்னும் சொல் இவ்வேறுபாடுகள் அனைத்தையும் விழுங்கிவிடுகிறது.

மற்றொன்றும் புலனாகிறது. ஒரு மொழியின் திரைக்கலை இடைத்தரப் படங்களின் மேல்தான் நிற்கிறது. ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், இசைக் கலைஞர், உரையாடல் எழுதுவோர் ஆகியோர் தொழில் பழகுவது இவற்றில்தான். இடையிலே மண் வளமாக இருந்தால்தான் என்றேனும் ஒரு நாள் பெருமரம் எழும். இடைத்தரத்தை ஆராயாது தள்ளுவோர் அடுத்த நல்ல படத்தின் விதையையும் சேர்த்தே தள்ளுகின்றனர்.

ஆனால் ஓர் ஐயம் எழலாம். இடைத்தரத்துக்கு இவ்வளவு பரிவு காட்டினால் படைப்போர் சோம்பிவிடமாட்டாரா? பரிவு வேறு, சலுகை வேறு. 'சிட்டிசன்' படத்தின் நீதிமன்றக் காட்சி நீண்டுவிட்டது என்று சொல்லத் தயங்கினால் அது சலுகை. அதனைச் சொல்லிவிட்டு, அத்திப்பட்டியையும் சொல்வது நீதி. குறையை மறைக்கும் புகழ்ச்சி, நிறையை மறைக்கும் இகழ்ச்சி இரண்டும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள்.

இன்று இது ஏன் தேவை?

அண்மை நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்ட விழைகிறேன். 2024 நவம்பரில், திரையரங்கு வாயிலில் காணொளிக்காரர் எடுக்கும் விமர்சனங்கள் படங்களை முதல் நாளிலேயே வீழ்த்துகின்றன எனத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் அமைப்பு ஒன்று குறைகூறியது. படம் வெளிவந்த முதல் மூன்று நாள்கள் இணையத்தில் விமர்சனம் வெளியிடுவதற்குத் தடை கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கப்பட்டது. டிசம்பரில் நீதிமன்றம், விமர்சனம் கருத்துரிமையைச் சார்ந்தது எனச் சுட்டி, இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.

நீதிமன்றம் கூறியது முற்றிலும் சரி. பார்த்தவன் பேசக்கூடாது எனச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் உரிமை இருப்பதனால் மட்டும் பேச்சு நேர்மையானதாகிவிடாது. படம் முடிந்து வெளியே வருபவன் முன் ஒலிவாங்கியை நீட்டினால் அவன் இரண்டே சொற்களில் ஒன்றைத்தான் சொல்வான்; ஒன்று வானளாவும், மற்றொன்று மண்ணில் புதைக்கும். இடையில் நின்று பேசுபவனை எவரும் ஒளிபரப்புவதில்லை. நடுநிலையாகச் சொல்லப்பட்டதற்குச் சந்தை இல்லை என்பதே இன்றைய நோய். இந்நோய்க்கு மருந்து தடையாணை அன்று, பயிற்சி. அப்பயிற்சியை வழங்கத்தக்க இடம் மொழித்துறை.

நம் முன்னோடிகள் இதற்கு வழிகாட்டியுள்ளனர். கல்கி கிருஷ்ணமூர்த்தி 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் இசை நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதியபோது, பாமர வாசகனுக்கும் விளங்கும் தமிழில் நிறையும் குறையும் கூறினார். கலை விமர்சனம் என்பது அறிஞர் சிலர் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சன்று, வார இதழின் வாசகனோடு பேசும் பேச்சு என்பதனை நிலைநாட்டியவர் அவர். அம்மரபு நம்மிடம் உண்டு, தொடர்வார்தாம் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். நாமும் நாள்தோறும் சிறு தீர்ப்பு எழுதுவோரே. விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதும் "சுமார்", சான்றிதழில் எழுதும் "சராசரி", பெற்றோரிடம் சொல்லும் "பரவாயில்லை" ஆகியன யாவும் தீர்ப்புகள்தாம். வகுப்பில் முதலிடம் பெறுவோனைப் பற்றி நாம் ஒரு பத்தி பேசுவோம். தேர்வில் தவறியவனைப் பற்றி இரண்டு பத்தி பேசுவோம். இடையில் அமர்ந்திருக்கும் நாற்பது பேரைப் பற்றிப் பேச நம்மிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அவர்களுள் எவன் மண், எவள் கிளி, எவன் ஒரு துறையில் சிகரமும் மற்றொன்றில் பள்ளமுமாக இருப்பவன் என்பதனை அந்த ஒரு சொல் காட்டாது. கல்லூரியை நிரப்புவோரும் நாளை சமுதாயத்தைத் தாங்குவோரும் இந்நாற்பதின்மரே.

மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. அடுத்த முறை "சுமாரான படம்" ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், அச்சொல்லைப் பயன்படுத்தாமல் ஐந்து தொடர்கள் எழுதிப் பாருங்கள். என்ன செய்ய முற்பட்டது, எவ்வளவு நிறைவேறியது, எது எஞ்சியது என்பவற்றுக்கு விடை இருக்கட்டும். நிறை ஒன்றேனும், குறை ஒன்றேனும் இருக்கட்டும். துறை நூலகத்தில் இதற்கென ஒரு குறிப்பேடு வைக்கப்படுமாயின், ஆண்டிறுதியில் அதுவே நல்லதொரு திறனாய்வு நூலாகத் திரண்டிருக்கும். துறைத்தலைவர் அவர்கள் இதனைக் கருத்தில் கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.